மீட்டர் கண்ணாடி அம்மன்

எங்க மாமியா கெங்கம்மாவப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லணும்னா, மீன் வாங்க வந்தவங்கள எடையில ஏமாத்த மாட்டா. அதோட நிறுத்திக்கணும். மத்தபடி அந்த வாய் கீதே, ஐயோ! நொச்சிக்குப்பம் ஹவுசிங் போர்டுல கொழாச் சண்ட வந்தா எங்க பிளாக்குக்காரங்க மொதல்ல எங்க கதவத்தான் தட்டுவாங்க. எங்க மாமியாவ முன்னாடி கொண்டுபோய் நிறுத்திட்டா எதிர்ப் பிளாக்கு கொடத்தத் தூக்கிகினு ஓடிடும். அந்த வாய் வெளியில பேசற வரைக்கும் எங்களுக்கும் பெருமதான். உள்ள வந்து "அடியே காவேரி"ன்னு ஆரம்பிக்கும் பாரு, அப்பத் தெரியும் நான் படுற பாடு.

ஒக்காந்து தின்ன சொகம் அவளுக்குக் கெடையாது, அதையும் சொல்லிடறேன். மாமனாரு சுப்பராயன் கடலுக்குப் போனவரு திரும்பி வரல. கட்டுமரம் மட்டும் பட்டினப்பாக்கம் பக்கமா ஒதுங்குச்சு. அப்ப எங்க ஊட்டுக்காரு கபாலி பால்வாடிக்குப் போற புள்ள. கெங்கம்மா அழுது ஒருத்தரும் பாக்கலையாம். காரியம் முடிஞ்ச கையோட கூடையத் தலையில வெச்சிகினு அடையாறுக்கு நடந்தாளாம். பஸ்ல ஏறுனா நாத்தம்னு எறக்கி வுட்டுடுவாங்க. ஒரு கண்டக்டரு கூடையத் தூக்கி ரோட்டுல வெச்சிட்டான்னு, அவன் சட்டையப் புடிச்சித் தொங்கிகினே அடுத்த ஸ்டாப் வரைக்கும் போனாளாம். குப்பத்துல இன்னிக்கும் அதச் சொல்லிச் சிரிப்பாங்க. அவகிட்ட சொல்லிச் சிரிக்க எவனுக்கும் தைரியம் கெடையாது.

இப்ப லூப் ரோடு மார்க்கெட்டுல கட எங்களுக்கு. மயிலாப்பூர்லேர்ந்து கார்ல வந்து எறங்கி, மூக்க ஒரு கையால பொத்திகினு, "ஃப்ரெஷ்ஷா?"ன்னு கேட்டா போச்சு. "இன்னா நைனா, மூச்சு வாங்கிக் காட்டச் சொல்லவா?"ன்னு கேப்பா. வந்தவரு முழிப்பாரு. அவ அதுக்குள்ள வஞ்சரத்தத் திருப்பிப் போட்டு, செவுளத் தூக்கிக் காட்டி, துண்டு போட ஆரம்பிச்சிருப்பா. திட்டு வாங்கிகினே வாங்கிட்டுப் போவாங்க. அடுத்த ஞாயித்துக்கெழம மறுபடியும் அவகிட்டயேதான் வருவாங்க, அதான் எனக்குப் புரியாத வெசயம்.

பழைய ஆம்னி வேன் வாங்குனதே அந்த பஸ்காரங்க மேல இருந்த கடுப்புலதான். வெடிகாலைல கபாலியும் அவளும் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்துகினு வருவாங்க. மத்தியானம் வண்டி எனக்கு. நான் மீன் கொழம்பு, சோறு ஆக்கி கேரியர்ல போட்டு தி.நகர் துணிக்கடைங்கள்ல வேல செய்யுற பொண்ணுங்களுக்குக் குடுக்கறேன். கபாலி ஓட்டுவாரு, நான் பக்கத்துல ஒக்காந்துகினு கேரியரு சாயாமப் புடிச்சிக்குவேன்.

ஆடி மாசம் கூழ் ஊத்துனப்ப எங்க குப்பத்துக் கோயில்ல ஒரு ஸ்டிக்கர் குடுத்தாங்க. அம்மன் மொகம், வெளிச்சம் ஊடுருவுற மெல்லிசு. முன்கண்ணாடியில ஒட்டலாம் அத்தேன்னேன். நான் சொல்லி அவ கேட்டுட்டா வானம் இடிஞ்சிடுமே! "ஓட்டுறவன் கண்ணு எங்க போவுதோ அங்கதான் அம்மா இருக்கணும்"னு ஸ்பீடு மீட்டரு கண்ணாடி மேலயே, கீழ் மூலையா பாத்து ஒட்டிட்டா. அந்த மூலையில உள்ள இன்னா லைட்டு கீதுன்னு எங்க யாருக்கும் தெரியாது. கபாலி கடல்ல வளந்தவரு. போட்டு மோட்டாருல லைட்டு ஏது? சத்தத்தக் கேட்டுதான் ஓட்டுவாங்க. சாவியத் திருகுனா அம்மன் மொகம் செவப்பா மின்னும், இன்ஜின் கெளம்பினதும் அணைஞ்சிடும். "அம்மா கண்ணத் தொறந்து யாரு ஏறுறான்னு பாத்துட்டு மூடிக்கிறா"ன்னு மாமியா கன்னத்துல போட்டுக்குவா. நானும் போட்டுக்கினேன், பொய் சொல்ல மாட்டேன்.

வெனை பனகல் பார்க் சிக்னல்ல வந்துச்சு. சித்திர வெயிலு. வண்டி நின்னுகினு கீது, முன்னாடி பஸ்ஸு, பின்னாடி ஆட்டோ. திடீர்னு அம்மன் மொகம் பூரா செவந்துடுச்சு. இன்ஜின் ஓடிகினேதான் கீது. கபாலி என்னப் பாத்தாரு, நான் அவரப் பாத்தேன். சிக்னல் வுட்டு வண்டி நவுந்ததும் செவப்பு போயிடுச்சு. அடுத்த சிக்னல்ல மறுபடியும் செவப்பு. கேரியரு குடுத்துட்டு வர்ற வரைக்கும் இதே ஆட்டம்.

வூட்டுக்கு வந்து கைய காலக் கழுவி சாப்பிட வேண்டியதுதானே? எங்க ஊட்டுக்காரு இருக்காரே, ஆத்தா புள்ள! செருப்பக் கூட கழட்டல, "அம்மா, காவேரி ஒக்காந்திருக்கசொல்ல அம்மன் செவந்துடுச்சும்மா"ன்னு ஒப்பிச்சிட்டாரு. அந்த நிமிசம் அந்தாளக் கன்னத்துல அப்பியிருக்கணும் நான். மாமியா துணி மடிச்சிகினு இருந்தவ அப்படியே என்னப் பாத்தா. அந்தப் பார்வயில கோவம் இல்ல. ஒரு மாதிரி சந்தோசம் இருந்துச்சு. அதான் எனக்கு ஆறல.

"தீட்டோட ஏறுனியாடி?"

"இல்ல அத்தே."

"கோயிலுக்கு நேந்துகிட்டு செய்யாம வுட்டியா?"

"ஒண்ணியும் இல்ல அத்தே. லைட்டு ஏதோ எரியுது."

"காலைல நான்தான் அதே வண்டியில போய் வரேன். எனக்கு ஏன் எரியல? அம்மாவுக்கு யாரு மேல கோவம்னு அவளுக்குத் தெரியாதா?"

நெசமாவே காலைல எரியறது இல்ல. கபாலியும் சத்தியம் பண்றாரு. மார்க்கெட்டுக்குள்ள சேதி பரவிடுச்சு. பக்கத்துக் கடக்காரி முத்துலட்சுமி என் கையால தண்ணி வாங்கிக் குடிக்க யோசிக்கிறா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அருவாமனையத் தூக்கி கடல்ல வீசியிருப்பேன், அப்பால மீனு அறுக்க வேற வாங்கணுமேன்னு சும்மா இருந்தேன்.

கபாலியோட மல்லுக்கட்டி வண்டிய மந்தைவெளி பீர் முஹம்மது பாய் ஷெட்டுக்குக் கொண்டுபோவ வெச்சேன். பாய் குனிஞ்சி பாத்துட்டு, "ஆயில் லைட்டும்மா இது. இன்ஜினுக்குள்ள ஆயில் பிரஷர் கம்மியானா எரியும். அது மேலயா சாமிய ஒட்டுவாங்க?"ன்னாரு. பிச்சி எடுங்க பாய்னேன். "நானா? நான் கை வெச்சா வேற பஞ்சாயத்து வரும்மா, நீங்களே எடுங்க"ன்னு ரெண்டடி தள்ளி நின்னுகினாரு. எங்க ஊட்டுக்காரு கைய பின்னாடி கட்டிகினாரு. எனக்கும் கை வரல. சரி, அம்மன் அங்கயே இருக்கட்டும். பாய் ஆயில் அளக்குற குச்சிய உருவிப் பாத்தாரு, ஆயில் சரியா இருந்துச்சு. "அப்ப பிரஷரப் பாத்து லைட்ட எரிய வுடுற சுச்சுதான் போயிருக்கும். பிரஷர் நல்லாதான் இருக்கும், சுச்சு சும்மா பொய் சொல்லும்"னு புது சுச்சு மாட்டி அனுப்புனாரு.

நான் தெம்பா வந்தேன். "லைட்டு சுச்சு கெட்டுப்போச்சாம் அத்தே, மாத்தியாச்சு, இனிமே எரியாது"ன்னு மார்க்கெட்டே கேக்கற மாதிரி சொன்னேன். மறுநாள் மத்தியானம் பனகல் பார்க்ல அம்மன் மொகம் முன்னவிட நல்லா பளிச்சுன்னு செவந்துச்சு. நாசமாப் போவ! புது சுச்சு இல்ல?

அதோட மாமியா முடிவு பண்ணிட்டா. வூட்டு நடுவுல நின்னுகினு சொன்னா: "வெள்ளிக்கெழம கோயில்ல அபிசேகத்துக்குச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள நீ உன் பொறந்த வூட்டுக்குப் போயிடு. அம்மா கோவம் தணிஞ்சதும் சொல்லி அனுப்பறேன்."

"எப்ப தணியும்?"

"அத அவகிட்டயே கேளு."

பொறந்த வூடாம். திருவல்லிக்கேணியில எங்கண்ணன் ஒத்த ரூம்புல பொண்டாட்டி புள்ளைங்களோட கீறான். அங்க நான் எங்க போய்ப் படுக்கறது, மாடிப்படியிலயா? அது மட்டுமா, அம்மனே வெரட்டுனவன்னு பேரு ஒட்டிகிச்சின்னா எந்தக் குப்பத்துல எனக்கு அடுப்பு மூட்ட எடம் குடுப்பான்? கபாலியப் பாத்தேன். "அம்மா சொல்றாங்கல்ல"ன்னாரு. த்தூ, நீயெல்லாம் ஆம்பளையான்னு மூஞ்சிக்கு நேரா கேட்டேன். அதுக்கும் "அம்மா சொல்றாங்கல்ல"தான்.

அடுத்த நாள் மத்தியானம் ஏறி ஒக்காந்தேன். அழுகையில்ல எனக்கு, வெறிதான். அம்மன் மொகத்தையே முறைச்சிப் பாத்துகினு வந்தேன். லஸ் முனையில சிக்னல். செவந்துச்சு. "அக்சிலேட்டர மிதி"ன்னேன். "வண்டி நிக்குதேடி." "நின்னா இன்னாயா, மிதி!" மிதிச்சாரு. இன்ஜின் உறுமுச்சு, செவப்பு போயிடுச்சு. "கால எடு." எடுத்தாரு, செவந்துச்சு. மறுபடியும் மிதிக்கச் சொன்னேன், மறுபடியும் போயிடுச்சு. ஆட்டோக்காரன் திரும்பிப் பாத்து, "இன்னா மாமா, ரேஸா?"ன்னு கேக்கறான். நான் கேரியரு மூடியில ஓங்கி ஒரு அறை அறைஞ்சேன். அம்மன் கோவம் அக்சிலேட்டருக்கு அடங்குமாயா?

கேரியர அவசரமா குடுத்துட்டு நேரா பாய் ஷெட்டு. அவர் சோத்துல கை வெச்சிருந்தாரு, எழுப்பிட்டேன். நான் கத்துன கத்துல, புதுசா மாட்டுன சுச்சக் கழட்டிட்டு அந்த ஓட்டையில பிரஷரு காட்டுற முள்ளு வெச்ச ஒரு கேஜ மாட்டுனாரு. சூடா இருந்த இன்ஜின் நின்ன எடத்துல ஓடசொல்ல முள்ளு அடியில போய்ப் படுத்துகிச்சு. மிதிச்சா எழும்புச்சு. சாயங்காலம் ஆறுனப்பறம் ஸ்டார்ட் பண்ணா முள்ளு ஜம்முன்னு நிமிந்து நின்னுச்சு. கேஜக் கழட்டிட்டு சுச்சத் திருப்பி மாட்டுனாரு.

"சுச்சு பொய் சொல்லலம்மா, நெசமாவே பிரஷர் இல்ல. ஆயில் சூடாச்சின்னா தண்ணி மாதிரி எளகிடும். நின்ன எடத்துல இன்ஜின் மெதுவா சுத்தும், பம்பும் மெதுவா சுத்தும். அப்ப எரியுது. காலைல குளுமையில, சிக்னலே இல்லாத ரோட்டுல போயிட்டு வந்தா ஏன் எரியப்போவுது?"

"இத மொதல்லயே பாத்திருந்தா இன்னா பாய்? என் குடித்தனமே போவப் பாத்துச்சே!"

"எல்லாரும் மொதல்ல சுச்சுதாம்மா பாப்பாங்க"ன்னு எரிஞ்சி வுழுந்தாரு. "அடியில ஆயில் தேங்குற சம்ப்பக் கழட்டிப் பாத்தாதான் காரணம் தெரியும். அதுவரைக்கும் வண்டிய எடுக்காத, இன்ஜின் ஜாம் ஆயிடும்."

எடுக்காம எப்பிடி? மாமியாவுக்குக் காட்டணுமே! வாயால சொன்னா நம்புற ஜென்மமா அது? வூட்டுக்குப் போய் இடுப்புல கைய வெச்சிகினு நின்னேன். "அத்தே, நாளைக்கு மத்தியானம் என் எடத்துல நீ ஒக்காரு. நான் வண்டியில ஏறவே மாட்டேன். நீ ஒக்காந்து அம்மன் செவக்கலன்னா, வெள்ளிக்கெழம வரைக்கும் வேணாம், நாளைக்கே துணிய எடுத்துகினு போயிடறேன்."

"பேச்சு மாற மாட்டியே?"

"நீ மாறாம இரு."

பவுடர் போட்டுகினு வந்தா, மகராசி. கல்யாணத்துக்குப் போற மாதிரி மல்லிப்பூ கலரு பொடவ. கேரியரோட தி.நகருக்கு ஷேர் ஆட்டோவுல நான் போயிட்டேன். குடுத்து முடிச்சிட்டு பாய் ஷெட்டு வாசல்ல வந்து நின்னேன். கபாலிகிட்ட சொல்லி வெச்சிருந்தேன், வெயில்ல பீச் ரோட்டுல ஒரு சுத்து சுத்தி, வண்டிய நல்லா சூடாக்கி நேரா இங்க கொண்டுவான்னு. வண்டி வந்து நின்னுச்சு. இன்ஜின் ஓடிகினு கீது. மாமியா முன் சீட்டுல ஜன்னல் வழியா என்னப் பாத்து, "எங்கடி?"ன்னு சிரிச்சா. வர்ற வழியெல்லாம் ஒண்ணும் இல்லியே, வண்டி எங்கயும் நிக்கல.

"கொஞ்சம் இரு"ன்னேன்.

இருந்தா. அம்மன் மொகத்துல மொதல்ல லேசா மின்னுச்சு, அணைஞ்சுச்சு, மறுபடியும் மின்னுச்சு. அப்பால நின்னு எரிஞ்சுச்சு. ஸ்டிக்கரு பூரா செவப்பு. வண்டியில நான் இல்ல. நான் ரோட்டுல நிக்கறேன்.

"பாத்தியா!"ன்னு நான் போட்ட கூச்சல்ல எதிர் டீக்கடையில கிளாஸக் கீழ வெச்சிட்டுத் திரும்பிப் பாத்தாங்க. "இப்ப யாரு மேல கோவம்? சொல்லு! நீ தீட்டோட ஏறுனியா? நேந்துகிட்டு செய்யாம வுட்டியா? இப்பப் பேசு, அந்த வாயத் தொற!"

மொகத்துல ரத்தமே இல்ல. ரெண்டு கையையும் அம்மன் முன்னாடி கூப்பிகினு, ஒதடு மட்டும் ஆடுது. பாய் ஓடிவந்து, "ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு"ன்னு கத்தி, கபாலி சாவியத் திருகுனாரு. கதவத் தொறந்து எறங்குனவ அங்க கெடந்த டயரு மேல ஒக்காந்துட்டா. எனக்கு இன்னும் திட்டணும் போல இருந்துச்சு. ஆனா எதிர்ல ஆள் இல்லாத மாதிரி ஆயிடுச்சு.

பாய் வண்டிக்கு அடியில பூந்து ஆயில வடிச்சிகினு இருந்தாரு. கபாலி ஸ்பேனர் எடுத்துக் குடுத்துகினு அந்தப் பக்கம் இருந்தாரு. மாமியா தரையப் பாத்துகினே, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி பேசுனா.

"அவரு கடலுக்குப் போன அன்னிக்கு கூழ் ஊத்துற நாளு. ஊருல ஒரு மரம் கடல்ல எறங்கக் கூடாது. உங்க மாமனாரு வலையத் தொடல. நான்தான், யாரும் போவல, மீனு நல்ல வெலைக்குப் போவும், நீ மட்டும் சத்தமில்லாம போய்ட்டு வான்னேன். மாட்டேன்னாரு. பொம்பளையாட்டம் பயப்படுறியான்னு கேட்டேன். எழுந்து போனாரு."

கபாலிக்குக் கேக்குதான்னு நான் அந்தப் பக்கம் எட்டிப் பாத்தேன்.

"ஊர்ல கேட்டாங்க. அவரேதான் போனாரு, நான் தூங்கிட்டேன்னு சொன்னேன். ஊரே அவர ஏசுச்சு, பேராசக்காரன்னு. நானும் கூட சேந்து ஏசுனேன்." மூக்க முந்தானையில தொடைச்சிகினா. "உன் மேல அம்மனுக்குக் கோவம்னு கபாலி சொன்னப்ப எனக்கு எம்மாம் நிம்மதி தெரியுமாடி? என் மேல இல்ல, இவ மேலன்னு. அன்னிக்குப் படுத்ததும் தூங்கிட்டேன். எத்தினியோ வருசத்துக்கு அப்பால."

பாவம்னு எனக்கு மொதல்ல தோணல. ஆத்திரம்தான் வந்துச்சு. அவ நிம்மதியா தூங்க என்னத் தெருவுல நிறுத்தப் பாத்தாளே, படுபாவி! அத சொல்லியும் வுட்டேன். "நீ தூங்கறதுக்கு என் குடித்தனம்தான் கெடச்சுதா?"ன்னு கேட்டேன். தலையத் தூக்கல. ஆமான்னு ஆட்டுனா. இத்தினி வருசத்துல அவ மறுத்துப் பேசாதது அதான் மொத தபா, எனக்கு அது புடிக்கவே இல்ல.

பாய் ஆயில் கையோட எழுந்து வந்தாரு. கையில வடிகட்டி. ஆயில உறிஞ்சுற எடத்துல இருக்கற வலை அது. வலை பூரா அடச்சிகினு ரப்பரு மாதிரி துண்டு துண்டா ஒட்டியிருந்துச்சு. "எவனோ முன்னாடி சம்ப்ப மாட்டசொல்ல, ஆயில் ஒழுகாம இருக்கத் தடவுற கேஸ்கட் பேஸ்ட்ட அள்ளி அப்பியிருக்கான். அது பிஞ்சி பிஞ்சி வந்து இங்க அடச்சிருக்கு. ஆயில் எப்பிடி மேல ஏறும்? நல்ல வேள, இன்ஜின் தப்பிச்சிது."

நான் அந்த வடிகட்டிய வாங்கி மாமியா மூஞ்சிக்கு நேரா நீட்டுனேன். "நல்லா பாத்துக்க. இதான் உன் அம்மன் கோவம். என் மேலயும் இல்ல, உன் மேலயும் இல்ல. பேஸ்ட்டு. வெறும் பேஸ்ட்டு!"

வாங்கிப் பாத்தா. ஒரு துண்ட நகத்தால கிள்ளி எடுத்து வெரலுக்கு நடுவுல உருட்டுனா. மீனோட செவுளப் பாக்கற மாதிரியே உத்துப் பாத்தா.

"வண்டிக்கு இதான், ஒத்துக்கறேன்"ன்னா. "அவரு வரலையேடி. அதுக்கு எதக் கழட்டிப் பாக்கறது?"

கபாலி அந்தப் பக்கத்துலேர்ந்து "இன்னாம்மா?"ன்னு கேட்டாரு. "உன் வேலையப் பாருடா"ன்னு ஒரு அதட்டு போட்டா, அப்பால என் கையப் புடிச்சா. சில்லுன்னு இருந்துச்சு கை, ஐஸுல மீனு அள்ளிட்டு வந்தா மாதிரி.

"வெள்ளிக்கெழம நீ எங்கயும் போவாத."

"நேத்து வரைக்கும் போ போன்ன?"

"நீ போயிட்டா நான் யாரத் திட்டுவேன்? வூட்ல சும்மா ஒக்காந்தா அந்த நெனப்பு வந்துடுதுடி. யாரையாவது திட்டிகினே இருந்தா வர்றதில்ல."

கையப் புடுங்கிகினேன். "நான் போவ மாட்டேன். ஆனா இனிமே நீ ஒண்ணு திட்டுனா நான் ரெண்டு திட்டுவேன், சொல்லிட்டேன்."

"திட்டு"ன்னா.